தாளில் தங்கிய ஒளி

நுழையும்முன்

கட்டடம் என்றதும் கல்லும் மரமும் சுண்ணமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு இடையே அமைந்த வெளியும், அவ்வெளிக்குள் புகும் ஒளியும் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. அவற்றைக் கண்டு, வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பதிவு செய்தவர் மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ். அவருடைய கண்ணொளி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. ஆயினும் அவர் தாளில் ஒளி குறையவில்லை. அஃது எவ்வாறு இயன்றது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மகாலின் வாயிலில்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் எழுமலை. அங்கிருந்து பேருந்தேறி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வரும் மாணவர் ஒருவர், திருமலை நாயக்கர் மகாலுக்குள் முதன்முறையாக நுழைகிறார் எனக் கொள்வோம். வெளியே வெயில், வாகன இரைச்சல். வாயிலைக் கடந்ததும் பரந்த முற்றம் விரிகிறது. முற்றத்தைச் சுற்றிலும், ஒருவர் இரு கைகளையும் நீட்டினாலும் தழுவ இயலாத பருத்த தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தூண்களை வளைவுகள் இணைக்கின்றன. தலையை உயர்த்தினால், குவிமாடம் மேலே எழுகிறது.

அம்மாணவர் என்ன செய்வார்? கைப்பேசியை எடுத்து நான்கைந்து படங்கள் எடுப்பார். பிறகு அடுத்த இடத்திற்குச் செல்வார். வீடு திரும்பியதும் "மகாலில் தூண்கள் எப்படி இருந்தன?" என்று தங்கை கேட்டால், "பெரிதாக இருந்தன" என்பதற்கு மேல் அவரால் சொல்ல இயலுமா? வெயில் எந்தத் தூணின் எந்தப் பக்கத்தில் விழுந்தது, நிழல் தரையில் எவ்வளவு தூரம் நீண்டது, வரிசையின் கடைசித் தூண் முதல் தூணில் எத்தனை பங்காகத் தெரிந்தது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவர் மகாலைப் பார்த்தார், ஆனால் நோக்கவில்லை. பார்த்தலுக்கும் நோக்குதலுக்கும் உள்ள இவ்வேறுபாடே ஓவியக் கலையின் தொடக்கம்.

எழுதுதலும் ஓவியமும்

தமிழில் 'எழுதுதல்' என்னும் சொல், எழுத்தை எழுதுவதையும் ஓவியம் தீட்டுவதையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. இரண்டும் கோட்டிலிருந்தே பிறக்கின்றன. வண்ணம் தீட்டப்படாமல் கோடுகளால் மட்டும் அமைந்த ஓவியத்தைப் 'புனையா ஓவியம்' எனப் பண்டைய இலக்கியங்கள் குறிப்பிடுகின்றன. நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. வண்ணம் என்னும் புனைவு இல்லாமலும் ஓவியம் முழுமை பெறும் என்பதைத் தமிழர் அறிந்திருந்தனர்.

மதுரை மாநகரை விரிவாகப் பாடும் மதுரைக்காஞ்சி, ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என அழைக்கிறது. காண்பவர் கண்ணுள்ளே தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்பது இதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காட்டும் பொருள். ஓவியம் முற்றுப்பெறும் இடம் சுவரோ தாளோ அன்று, காண்பவருடைய கண். இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, மதுரையின் கட்டடங்கள் தாளில் ஏறிய வரலாற்றைக் காண்போம்.

மதுரையைத் தாங்கிய தாள்கள்

திருமலை நாயக்கர் மகால் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. இன்று நாம் காண்பது அதன் ஒரு பகுதியே. பிற்காலத்தில் அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டும் சிதைந்தும் போயிற்று. சென்னை மாகாண ஆளுநராக 1866 முதல் 1872 வரை பணியாற்றிய நேப்பியர் பிரபுவின் முயற்சியால் எஞ்சிய பகுதி புதுப்பிக்கப்பட்டது. அப்புதுப்பித்தலுக்கு முன்னர் மகால் எவ்வாறு இருந்தது? இவ்வினாவுக்குத் தாள்களே விடை கூறுகின்றன.

ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1786இல் இந்தியாவுக்கு வந்தனர். 1792இல் தென்னாட்டுப் பயணத்தின்போது மதுரைக்கும் வந்து, மகாலையும் கோட்டையையும் வரைந்தனர். காட்சியின் அளவுகளைப் பிழையின்றித் தாளில் பெறுவதற்கு, சிறு துளை அல்லது ஆடியின் வழியே வெளிக்காட்சியை உள்ளே விழச் செய்யும் இருட்டுப்பெட்டி என்னும் கருவியை அவர்கள் பயன்படுத்தினர். இங்கிலாந்து திரும்பியபின் அவ்வோவியங்களைச் செப்புத் தகடுகளில் பொறித்து, தாளில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்டனர். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அத்தொகுதிகளில் 144 காட்சிகள் இடம்பெற்றன. சிதைந்த நிலையிலிருந்த மதுரை அரண்மனையை அவற்றில் காணலாம்.

அவர்களுக்குப் பின், 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மதுரையை ஒளிப்படம் எடுத்தார். அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞர். படச்சுருள் தோன்றாத அக்காலத்தில், மெழுகேற்றிய தாளில் வெள்ளி உப்புகளைப் பூசி, அத்தாளின்மீதே ஒளியை விழச்செய்து படத்தைப் பெற்றார். அன்றைய தாள்களில் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே பதிந்தது. ஆகவே சில படங்களில் முகில்களை அவர் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். கருவி எடுத்த படத்திற்கும் கையின் துணை வேண்டியிருந்தது.

டேனியல்களின் தாளில் கை, ஒளியைப் பின்பற்றியது. டிரைப்பின் தாளில் ஒளி தன்னைத் தானே எழுதிக்கொண்டது. ஆனால், அம்மூவரும் மதுரைக்கு வந்து சென்ற பயணிகள். அந்நகரின் தெருக்களில் ஓடி வளர்ந்து, அதன் வெயிலையும் நிழலையும் உடலால் அறிந்த ஒருவர் அதை வரைவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மனோகர் தேவதாஸ்

மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தார். மருத்துவரான தந்தையின் இல்லத்தில் வளர்ந்தார். அவர் கற்றது ஓவியம் அன்று; வேதியியல். அமெரிக்காவிலுள்ள ஓபர்லின் கல்லூரியில் மேற்படிப்பை முடித்தார். சென்னையில் மின்கலம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேதியியல் வல்லுநராகப் பணிபுரிந்தார். அலுவல் போக எஞ்சிய நேரமே அவர் ஓவியத்திற்குரிய நேரமாயிற்று.

மீனாட்சியம்மன் கோவிலின் கோபுரங்கள், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர்த் தெப்பக்குளம், யானைமலை எனத் தம் பிறந்த ஊரின் அடையாளங்களை அவர் பேனாவாலும் கறுப்பு மையாலும் தாளில் வரைந்தார். சென்னையின் பழமையான கட்டடங்களையும் வரைந்தார். தம் இளமைக்கால மதுரையைப் பின்புலமாகக் கொண்டு 'கிரீன் வெல் இயர்ஸ்' என்னும் நூலையும், ஓவியங்களும் நினைவுகளும் இணைந்த 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' என்னும் நூலையும் ஆங்கிலத்தில் எழுதினார். 2020ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 2022 டிசம்பரில், தம் 86ஆம் அகவையில் அவர் சென்னையில் மறைந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவில் முடிந்துவிடும். ஆனால், அவருடைய ஓவியங்களை அறிய வேண்டுமாயின் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். தட்டையான தாளில் கட்டடத்தின் ஆழத்தை எவ்வாறு காட்டுவது? கறுப்பு மையைக்கொண்டு ஒளியை எவ்வாறு காட்டுவது?

வெளியை அளத்தல்

தாளுக்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு; ஆழம் இல்லை. மகாலின் நீண்ட தூண் வரிசையோ உள்நோக்கிச் செல்வது. ஆழமில்லாத தாளில் ஆழத்தைக் காட்டும் வழியைக் கணக்கு தருகிறது.

ஒரே உயரமுள்ள நான்கு தூண்கள் நமக்கு முன்னே 10, 20, 30, 40 மீட்டர் தொலைவில் வரிசையாக நிற்கின்றன என்க. தொலைவு இரு மடங்கானால் தோற்ற உயரம் பாதியாகும். மும்மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும். எனவே, முதல் தூணைத் தாளில் 12 செ.மீ. உயரத்தில் வரைந்தால், இரண்டாவது 6 செ.மீ., மூன்றாவது 4 செ.மீ., நான்காவது 3 செ.மீ. உயரத்தில் அமைதல் வேண்டும். முதல் தூணுக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு 6 செ.மீ.; மூன்றாவதற்கும் நான்காவதற்கும் வேறுபாடு 1 செ.மீ. மட்டுமே. தரையில் தூண்களின் இடைவெளி ஒன்றாகவே இருக்க, தாளில் அது விரைந்து குறுகுகிறது. தூண்களின் உச்சிகளை இணைக்கும் கோட்டையும் அடிகளை இணைக்கும் கோட்டையும் நீட்டினால், அவை நம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் சென்று கூடும். அதுவே மறையும் புள்ளி.

இம்முறையை 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர்களும் ஓவியர்களும் வகுத்துக்கொண்டனர். கட்டடத்தை வரையும் ஓவியருக்கு இஃது இலக்கணம் போன்றது. இலக்கணம் பிழைத்தால் தொடர் தடுமாறுவதுபோல, இக்கணக்குப் பிழைத்தால் தாளில் உள்ள மண்டபம் சாய்ந்து நிற்கும். அறிவியல் பயின்ற மனோகர் தேவதாசுக்கு இக்கணக்கு இயல்பாக வாய்த்தது. அவருடைய ஓவியங்களில் கோபுரத்தின் அடுக்குகளும் தூண்களின் வரிசையும் அளவு பிசகாமல் நிற்பதற்கு இதுவே அடிப்படை.

அளவு மட்டும் இருந்தால் அது பொறியாளரின் வரைபடமாகிவிடும். வரைபடம் ஓவியமாவதற்கு ஒளி வேண்டும்.

விட்டுவைத்த வெண்மை

வண்ண ஓவியர் ஒளியைக் காட்ட வெள்ளை வண்ணத்தையோ மஞ்சள் வண்ணத்தையோ எடுக்கலாம். பேனாவால் வரைபவரிடம் இருப்பது கறுப்பு ஒன்றே. அதில் சாம்பல் நிறம்கூட இல்லை. கோடு விழுந்த இடம் கறுப்பு. விழாத இடம் வெள்ளை. இவ்விரண்டைக்கொண்டே நண்பகல் வெயிலையும் மண்டபத்தின் உள்ளிருளையும் அவற்றுக்கு இடைப்பட்ட எல்லா நிலைகளையும் காட்டியாக வேண்டும்.

இதற்குரிய வழி எளியது; ஆனால் பெரும் பொறுமையைக் கோருவது. கோடுகளை இடைவெளிவிட்டு இட்டால் மென்னிழல். நெருக்கி இட்டால் அடர்நிழல். அவற்றின்மேல் குறுக்குக் கோடுகளை இட்டால் இருள். கோடுகளுக்கு மாறாகப் புள்ளிகளையும் பயன்படுத்தலாம். அருகில் பார்த்தால் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரிபவை, சற்றுத் தள்ளிப் பார்த்தால் நிழலாகக் கலந்துவிடுகின்றன. சாம்பல் நிறம் தாளில் இல்லை. காண்பவர் கண்ணுள் அது பிறக்கிறது. 'கண்ணுள் வினைஞர்' என்னும் சொல்லின் நுட்பம் இங்கு விளங்கும்.

மகாலின் உருண்ட தூண் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். முற்றத்தை நோக்கிய பக்கத்தில் வெயில் நேராக விழுகிறது. அங்கே ஓவியர் ஒரு கோடும் இடுவதில்லை. தூண் வளைந்து உள்ளே திரும்பத் திரும்பக் கோடுகள் நெருங்குகின்றன. ஆனால், நிழற்பக்கத்தின் கடைசி விளிம்பு முழு இருளாக இருப்பதில்லை. தரையிலும் பக்கத்துச் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளி, அவ்விளிம்பை மெல்லிதாக வெளுக்கச் செய்கிறது. அந்த மெல்லிய வெளுப்பைக் காட்டினால் தூண் உருண்டு நிற்கும், காட்டாவிட்டால் தட்டையாகிவிடும். ஒரு விரல் அகலமும் இல்லாத அவ்வெளுப்பைக் கண்டுகொள்வதற்கு, அத்தூணின் முன் நெடுநேரம் நின்றாக வேண்டும்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. பேனா ஓவியத்தில் ஒளியை எவரும் வரைவதில்லை. அது தாளிலேயே இருக்கிறது. ஓவியர் நிழலை மட்டும் வரைந்து, ஒளிக்குரிய இடத்தைத் தொடாமல் விட்டுவைக்கிறார். எங்கே கோடு இடுவது என்பதைவிட, எங்கே இடாதிருப்பது என்று அறிவதே அரிது. ஒருமுறை விழுந்த மையைத் திரும்ப எடுக்க இயலாது. எனவே, முதல் கோட்டை இடுமுன்பே கட்டடத்தின் ஒளி முழுவதையும் ஓவியர் தம் மனத்தில் கண்டிருத்தல் வேண்டும்.

குறுகிய பார்வை

ஒளியைக் காணும் கண்ணே மங்கத் தொடங்கினால் என்ன ஆகும்? மனோகர் தேவதாஸ் எதிர்கொண்ட வினா இதுதான்.

அவரைப் பற்றிய கண்நோய்க்கு 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று பெயர். மரபணுக் குறைபாட்டால் வரும் இந்நோயில், விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. பெரும்பாலும் முதலில் இரவுப் பார்வை குறையும். பின்னர்ப் பக்கப் பார்வை சுருங்கும். குழாயின் வழியே பார்ப்பதுபோல நடுவே சிறு வட்டம் மட்டும் எஞ்சும். இறுதியில் அதுவும் மங்கக்கூடும்.

கோபுரம் ஒன்றைக் குழாய் வழியே காண்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுதைச் சிற்பம் தெரியும். அல்லது ஒரு மாடத்தின் மூலை தெரியும். முழுக் கோபுரம் ஒருபோதும் தெரியாது. துண்டு துண்டாகக் கண்டவற்றை மனத்தில் சேர்த்து, நினைவாலும் கணக்காலும் முழுமையாக்க வேண்டும். முற்பகுதியில் நாம் கண்ட அளவுக் கணக்கு, பிற ஓவியருக்குத் துணைக் கருவி. மனோகர் தேவதாசுக்கு அது பார்வையின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. கண் காட்டாத இடத்தைக் கணக்குக் காட்டியது. இளமையில் அவர் மதுரையை நோக்கிய நோக்கு, கண் மங்கிய காலத்திலும் நினைவாக நின்று கைகொடுத்தது.

மிகுந்த திறன்கொண்ட கண்ணாடிகளை அணிந்து, முகம் தாளைத் தொடும் அளவுக்குக் குனிந்து அவர் வரைந்தார். ஆண்டுகள் செல்லச் செல்லப் பார்வை வட்டம் சுருங்கியது. தாளில் விழுந்த கோடுகளோ மேலும் நுண்மையாயின. தமக்குக் குறைந்துவந்த ஒளியை அவர் பிறர் காணும்படி விட்டுச் சென்றார்.

இதனைப் படிக்கும்போது, "குறையை வென்ற மனிதர்" என்று பாராட்டி நின்றுவிடுவது எளிது. ஆனால், அவருடைய ஓவியங்கள் நம் இரக்கத்தை வேண்டுபவை அல்ல. அவை நம் கண்களை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றன: முழுப் பார்வை உடைய நாம் எவ்வளவு பார்த்திருக்கிறோம்?

இருவர் ஏந்திய விளக்கு

மனோகர் தேவதாஸின் கலையை அவருடைய துணைவியார் மஹிமாவிடமிருந்து பிரித்துப் பேச இயலாது. இருவரும் 1963இல் மணம் புரிந்துகொண்டனர். மஹிமாவும் ஓவிய ஈடுபாடு உடையவர். 1972 டிசம்பரில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கழுத்தெலும்பு வழியே செல்லும் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன்பின் 2008இல் மறையும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார்.

ஒருவருக்குக் கண்ணொளி குறைந்துவந்தது. மற்றவருக்குக் கைகால்கள் இயங்கவில்லை. கணவர் துணைவியாரைத் தம் கைகளால் தூக்கிப் பேணினார். துணைவியார் கணவரின் படைப்புகளுக்கு ஊக்கமாகவும் துணையாகவும் விளங்கினார். மனோகர் தேவதாஸின் ஓவியங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சிடப்பட்டு, மரபுக் கட்டடங்களைப் பற்றிய குறிப்புகளோடு பலருடைய இல்லங்களைச் சென்றடைந்தன. அவற்றால் கிடைத்த வருவாயை இருவரும் அறப்பணிகளுக்கு அளித்தனர். பிறருடைய கண்ணொளி காக்கும் பணிகளும் அவற்றுள் அடங்கும்.

அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் ஓவியத்தை நாம்தாம் தேடிச் செல்ல வேண்டும். தாளில் அச்சான ஓவியமோ அஞ்சல் உறைக்குள் அடங்கி நம்மைத் தேடி வருகிறது. மதுரையை நேரில் காணாதவரும் மகாலின் முற்றத்து வெயிலைத் தம் கையில் ஏந்தும் வாய்ப்பை அவ்வட்டைகள் அளித்தன.

நம் ஊரின் ஒளி

கட்டடங்கள் நிலையானவை என்று நாம் எண்ணுகிறோம். மகாலின் வரலாறு அதனை மறுக்கிறது. அரசர் எழுப்பிய அரண்மனையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. டேனியல்கள் வரைந்த தாள் இருக்கிறது. டிரைப்பின் ஒளிப்படம் இருக்கிறது. கல் காக்கத் தவறியதைத் தாள் காத்திருக்கிறது. மனோகர் தேவதாஸ் சிறுவராக இருந்தபோது கண்ட மதுரையும் இன்று பெரிதும் மாறிவிட்டது. அதன் அமைதியான தெருக்களும், கூரைகளுக்கு மேலே தடையின்றித் தெரிந்த கோபுரங்களும் அவருடைய தாள்களில் நிற்கின்றன.

பெருங்கோவிலும் அரண்மனையும் மட்டுமே வரைதற்குரியவை அல்ல. எழுமலையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தூண் தாங்கிய திண்ணை வீடுகள் உண்டு; ஊர்ச் சாவடிகள் உண்டு; கோவில் முன்மண்டபங்கள் உண்டு. காலையில் திண்ணையின் விளிம்புவரை மட்டும் வரும் வெயில், நடுமுற்றத்தில் சதுரமாக விழுந்து மெல்ல நகரும் ஒளி, ஓட்டுக் கூரையின் கண்ணாடி வழியே இறங்கி அடுக்களைப் புகையில் தூணாக நிற்கும் கதிர் ஆகிய இவையும் கட்டடக்கலையே. அத்தகைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. இடிபடுமுன் அவற்றை நோக்கியவர் எத்தனை பேர்?

கைப்பேசியில் படம் எடுக்க ஒரு நொடி போதும். ஒரு தூணை வரைய ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் தாளில் உருவாகும் ஓவியம் சிறப்பாக அமையாமலும் போகலாம். ஆனால், அத்தூண் நம் கண்ணுள் நிலைத்துவிடும். நம்மிடம் வெள்ளைத் தாளும் பேனாவும் இருக்கின்றன. ஒளி தாளிலேயே இருக்கிறது. நிழல் எங்கே விழுகிறது என்று நோக்கத் தொடங்குவதே நம் பணி.

தெரியுமா?

திருமலை நாயக்கர் மகாலில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானவை சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் ஆகும். செங்கல்லால் கட்டி, அதன்மேல் நன்கு அரைத்த சுண்ணச் சாந்தைப் பூசி மெருகேற்றும் முறை இங்குக் கையாளப்பட்டது. மெருகேறிய சுண்ணப்பூச்சு தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், தூண்களின் நிழற்பக்கமும் முழு இருளாவதில்லை.

சொற்பொருள்

புனையா ஓவியம் – வண்ணம் தீட்டாத கோட்டோவியம். கண்ணுள் வினைஞர் – ஓவியர். வெளி – கட்டடத்தின் உறுப்புகளுக்கு இடையே அமையும் இடம். அகவை – வயது. சுதை – சுண்ணச் சாந்து. சாவடி – ஊர்ப் பொதுமண்டபம். மறையும் புள்ளி – தொலைவில் இணைகோடுகள் கூடுவதுபோலத் தோன்றும் இடம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைய திண்ணை, சாவடி அல்லது மண்டபம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் ஒரே இடத்தில் நின்று, அதில் விழும் நிழலை மட்டும் பேனாவால் வரைந்து ஒப்பிடுங்கள்.

2. அஞ்சலட்டை அளவுள்ள தாளில் சிறு துளையிட்டு, அதன் வழியே உங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பகுதி பகுதியாக நோக்குங்கள். பிறகு துளையின்றி, நினைவைக்கொண்டு முழுக் கட்டடத்தையும் வரையுங்கள். எவை விடுபட்டன என்பதை வகுப்பில் கலந்துரையாடுங்கள்.

3. உங்கள் ஊரில் இடிக்கப்பட்டுவிட்ட கட்டடம் ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, அதன் அமைப்பையும் அதனுள் ஒளி வந்த வழியையும் விவரித்து ஒரு பக்க அளவில் எழுதுங்கள்.

மதிப்பீடு

பலவுள் தெரிக

ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' எனக் குறிப்பிடும் நூல்
அ) நெடுநல்வாடை ஆ) மதுரைக்காஞ்சி இ) மணிமேகலை ஈ) பட்டினப்பாலை

குறுவினா

1. 'எழுதுதல்' என்னும் சொல் உணர்த்தும் இரு பொருள்கள் யாவை?
2. மெழுகேற்றிய தாளில் டிரைப் எவ்வாறு படத்தைப் பெற்றார்?

சிறுவினா

1. பேனா ஓவியத்தில் ஒளியை எவரும் வரைவதில்லை – இக்கூற்றை விளக்குக.
2. ஒரே உயரமுள்ள ஐந்தாவது தூண் 60 மீட்டர் தொலைவில் நின்றால், பாடத்தில் கூறிய கணக்கின்படி அதைத் தாளில் எவ்வளவு உயரத்தில் வரைதல் வேண்டும்? காரணம் தருக.

நெடுவினா

'கல் காக்கத் தவறியதைத் தாள் காத்திருக்கிறது' – மதுரையை வரைந்த கலைஞர்களின் பணியைக்கொண்டு இக்கருத்தை நிறுவுக.